வைரக் கல்லில் கத்தி தீட்டுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூரில் மரவேலை செய்கிறேன். உளிகளைத் தீட்ட வைரக் கல்லையே (வைரத் துகள் பதித்த தீட்டுக் கல்) பயன்படுத்துவதால், அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

புதுக் கல்லில் தீட்டினால் கத்தியெல்லாம் கீறல் விழுகிறதே, கல் போலியா? (கும்பகோணம்)

போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அம்மா. எஃகுத் தகட்டின் மேல் நிக்கல் முலாம் பூசி, அதில் வைரத் துகள்களைப் பதித்திருப்பார்கள். புதிதில் சில துகள்கள் தலைதூக்கி நிற்கும். நாலைந்து கத்திகள் தீட்டியதும் அடங்கிவிடும். சாதாரணக் கல்லில் ஊன்றித் தேய்த்துப் பழகிய கை இதிலும் ஊன்றும். அதுதான் ஆபத்து. அழுத்தினால் துகள் முலாமிலிருந்து பெயர்ந்துவிடும், பெயர்ந்த இடம் வெறும் தகடுதான். வைரம் தானே அறுக்கும். கையை லேசாக வையுங்கள்.

வாழை இலை அறுக்கும் கத்திக்கு 400ஆம் எண் கல் வாங்கவா, 1000 வாங்கவா? (திருவையாறு)

எண் கூடக்கூடத் துகள் பொடியாகும். வாய் மழுங்கியிருந்தால் 400இல் தொடங்கி 1000இல் முடியுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1000 போதும், அடிக்கடி தீட்டிக்கொள்ளலாம்.

எண்ணைவிடப் பிசிறு முக்கியம், தம்பி. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய இரும்புப் பிசிறு எழும்பும். கட்டைவிரலைக் கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக இழுத்துப் பாருங்கள் (வாயின் நீளவாக்கில் ஒருபோதும் இழுக்காதீர்கள்). கைப்பிடியிலிருந்து நுனி வரை சொரசொரப்பு விடாமல் தட்டுப்பட்டால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். பாதியில் திருப்புகிறவர்கள்தான் ‘கல் சரியில்லை’ என்கிறார்கள். கடைசியில் பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பாக மென்மையாக இழுத்து, பழைய தோல் வாரில் தடவினால் பிசிறு போய்விடும்.

கத்தியைக் கல்லின் மேல் சாய்த்துப் பிடிக்கும் அளவுக்கு ஒரு தாளின் மூலையை இருமுறை மடியுங்கள். 90 பாகை 45 ஆகி, 22 சொச்சத்துக்கு வரும். சமையல் கத்திக்கு அதைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கலாம். தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வாய் மடங்கும்.

கதிர் அறுக்கும் கருக்கரிவாளையும் இதில் தீட்டலாமா, அண்ணா? (மன்னார்குடி)

வேண்டாம். தட்டைக் கல்லில் தேய்த்தால் கருக்குப் பற்கள் மழுங்கிவிடும். அதைக் கொல்லரிடமே கொடுத்துப் பல் வெட்டச் சொல்லுங்கள்.

மீன் அரியும் அரிவாள்மணைக்கு? (நாகப்பட்டினம்)

மணையை மிதித்துக்கொண்டு கல்லைக் கையில் பிடித்துத் தீட்டலாம். வாய் உள்வளைவாக இருந்தால் தட்டைக் கல் ஒட்டாது. உருண்டை வைர அரம் வாங்குங்கள். விரல்கள் வாய்க்கு மேலே நீளக் கூடாது.

மோட்டாரில் வைரச் சக்கரம் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே? (பட்டுக்கோட்டை)

எஃகுக்கு அது ஏற்றதன்று. வைரம் என்பது கார்பன். வேகத்தில் சூடேறிய இரும்பு அந்தக் கார்பனைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும், சக்கரம் வீணாகும். கத்தியின் வாய் நீலம் பாய்ந்தால் அதன் கடினமும் போய்விடும். கையால் தீட்டும்போது அவ்வளவு சூடு ஏறாது.

எண்ணெய் விடவா, தண்ணீரா? (வேதாரண்யம்)

தண்ணீர், ஒரு சொட்டு சோப்புக் கரைசலோடு. முடிந்ததும் பழைய பல் துலக்கியால் இரும்புத் தூளைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி வையுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றில், முலாம் பெயர்ந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.