முத்திரைக்கு முன் அடிப்பாகம்: பிரிட்டிஷ் ஸ்டுடியோ மண்கலங்களைச் சேகரிப்பவருக்குச் சில வழிகாட்டல்கள்

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் இரண்டு பூச்சாடிகள் வாங்கினேன். ஒன்று கருமையும் செம்பழுப்பும் கலந்த, கனமான சிறிய ஜாடி. அதன் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வட்டத்துக்குள் ‘எஸ்’, ‘ஐ’ என்னும் எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கிறது. மற்றொன்று கருநீலப் பின்னணியில் மாதுளம்பழங்கள் தீட்டிய மூர்கிராஃப்ட் ஜாடி. முதலாவது பெர்னார்ட் லீச் தம் கையால் செய்ததா? போலியையும் ஒட்டுப்போட்டதையும் எப்படிக் கண்டுகொள்வது? ஆண்டுக்கு முந்நூறு, நானூறு பவுண்டு மட்டுமே செலவிட முடிந்தவர் இவற்றைத் தொடர்ந்து சேகரிக்க முடியுமா?

பதில்: நீங்கள் விவரிக்கும் முத்திரை லீச்சின் சொந்த முத்திரை அன்று. பிரிட்டிஷ் குயவரான அவர், ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியுடன் சேர்ந்து 1920-இல் கார்ன்வால் மாவட்டத்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் தொடங்கிய பட்டறையின் முத்திரை அது. லீச் தாமே செய்து தம்முடையது என ஏற்றுக்கொண்ட கலங்களில் பட்டறை முத்திரையோடு அவருடைய பெயரின் முதலெழுத்துகளான ‘பி’, ‘எல்’ என்பனவும் பெரும்பாலும் இருக்கும். பட்டறை முத்திரை மட்டுமே இருந்தால், அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய குயவர்களுள் ஒருவர் வனைந்தது என்று கொள்வதே முறை. கோப்பை, கூஜா, மூடியிட்ட சமையல் கலம், சிறு ஜாடி எனப் பட்டியலிட்டு, ஒரே வடிவில் திரும்பத் திரும்பச் செய்து விற்ற இந்த வரிசைக்கு ‘ஸ்டாண்டர்ட் வேர்’ என்று பெயர். உங்கள் ஜாடி பெரும்பாலும் அந்த வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். இதைக் கேட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். அன்றாடம் கையில் எடுத்துப் புழங்குவதற்கான நல்ல கலத்தை எளியவரும் வாங்கும் விலையில் தர வேண்டும் என்ற அந்தப் பட்டறையின் கொள்கையை, லீச்சின் காட்சிப் பொருள்களைவிட இந்த எளிய கலங்களே நேர்மையாகக் காட்டுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

‘தம் கையால்’ என்ற கேள்வியிலும் சற்று நிற்க வேண்டும். 1938-இல் பதின்ம வயதில் பட்டறையின் உள்ளூர்ப் பயிற்சியாளராகச் சேர்ந்த வில்லியம் மார்ஷல் மிகத் தேர்ந்த வனைஞராக வளர்ந்தார். பிற்காலத்தில் லீச்சின் பெயரில் வந்த பெரிய ஜாடிகள் பலவற்றை, லீச் வரைந்து தந்த வடிவத்தின்படி, சக்கரத்தில் எழுப்பியவர் அவரே. லீச்சின் மகன் டேவிட் 1930-களில் ஸ்டோக்-ஆன்-டிரென்டில் தொழில்நுட்பம் பயின்று வந்து பட்டறையைச் சீர்படுத்தினார். 1956-இல் லீச்சை மணந்த அமெரிக்கரான ஜேனட் லீச், பட்டறையின் நிர்வாகத்தை ஏற்றதோடு, முற்றிலும் வேறுபட்ட மனப்போக்கில் தம் சொந்தக் கலங்களையும் செய்தார். ஆகவே ‘எஸ்-ஐ’ முத்திரைக்கு அருகே இன்னொரு சிறிய முத்திரை மறைந்திருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, தடித்து வழிந்த இடங்களில் முத்திரைகள் பாதி மூழ்கிப்போவது உண்டு.

முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு நடந்த கதையே சான்று. 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபெதர்ஸ்டோன் சிறையில், மண்பாண்ட வகுப்பில் இருந்த கைதிகள் லீச்சின் முத்திரையைப் போலவே செய்து கலங்களில் பதித்தார்கள். அவை ஏலங்கள்வரை சென்று விலைபோயின. முத்திரை செய்வதற்குச் சிறிய மண் துண்டும் கூரிய ஊசியும் போதும். இதற்கு நேர்மாறாக, டார்செட் மாவட்டத்தில் அறுபது ஆண்டுகளாகப் பணியாற்றி 2021-இல் மறைந்த ரிச்சர்ட் பேட்டர்ஹாம் தம் கலங்களில் முத்திரையே இடவில்லை. ஆனாலும் அவருடைய சாம்பல் கிளேஸையும் வரி வெட்டுகளையும் பழகிய கண் எட்டத்திலிருந்தே அடையாளம் காணும். குறி இல்லாத அவருடைய ஜாடிகள், விற்பவருக்கே தெரியாமல் இன்றும் சந்தைகளில் கிடைப்பது இதனால்தான்.

எனவே கலத்தை எடுத்ததும் முதலில் கவிழ்த்து, அடியைப் பாருங்கள். கிளேஸ் படாத அடிவளையத்தில்தான் மண் மறைப்பின்றித் தெரிகிறது. ஸ்டோன்வேர் எனப்படும் வகை ஏறத்தாழ 1250 முதல் 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவதால், மண் இறுகிக் கல்லாகியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் தூள் உதிராது. சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டிருந்தால், மண்ணில் உள்ள இரும்பின் காரணமாக, கிளேஸ் முடியும் விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்போ செம்பழுப்போ ஒரு கோடாகப் படர்ந்திருக்கும். அந்த நிறம் நெருப்பு தந்தது. பூசி வரவழைத்த பழுப்பு ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் வெளுக்கும். அடிவளையத்தைச் செதுக்கிய கருவியின் சுழல் கோடுகள், கிளேஸில் முக்கும்போது குயவர் பிடித்த விரல்களின் தடங்கள், சக்கரத்திலிருந்து கயிற்றால் அறுத்தபோது விழுந்த சங்கு போன்ற வரிகள் ஆகியவை ஒருவர் வேலை செய்த முறையை அப்படியே வைத்திருப்பவை. ஒரே குயவரின் ஐந்தாறு அடிகளைப் பார்த்துவிட்டால், ஏழாவதை மனம் தானாகவே ஒப்பிடத் தொடங்கிவிடும்.

உங்கள் ஜாடியின் கருஞ்செம்பழுப்பு கிளேஸுக்கு ‘டென்மோக்கு’ என்று பெயர். இரும்பு ஆக்ஸைடு மிகுந்த இந்தக் கிளேஸ் தடிப்பாக நிற்கும் இடத்தில் கரு நிறமும், வாய் விளிம்பு, வனைந்த வரிகளின் மேடு போன்ற மெலிந்த இடங்களில் துரு நிறமும் காட்ட வேண்டும். எங்கும் ஒரே சீராக, வார்னிஷ் தடவியதுபோலப் பளபளக்குமானால் ஐயம் கொள்ளுங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சக்கரத்தில் எழுப்பிய கலத்தின் உட்சுவரில் விரல் ஏறிய திருகுவரிகள் பெரும்பாலும் தட்டுப்படும். அச்சில் மண்குழம்பை ஊற்றி வார்த்த கலத்தில் அவை இரா, பக்கவாட்டில் அச்சு இணைந்த மெல்லிய தழும்பு சில வேளை தெரியும்.

மூர்கிராஃப்ட் ஜாடி வேறொரு மரபைச் சேர்ந்தது. அதற்கு மேற்சொன்ன அளவுகோல்களை அப்படியே பொருத்த முடியாது. ஸ்டுடியோ மண்கலத்தில் ஒருவரோ சிறு குழுவோ வனைவது முதல் சுடுவது வரை செய்கிறார்கள். மூர்கிராஃப்டில் வடிவமைப்பாளர் ஒருவர், கோடிடுபவர் ஒருவர், வண்ணம் தீட்டுபவர் ஒருவர் என வேலை பிரிந்திருந்தது. 1897-இல் மெக்கின்டயர் ஆலையில் சேர்ந்த வில்லியம் மூர்கிராஃப்ட், லண்டனின் லிபர்ட்டி நிறுவனத்தின் துணையோடு 1913-இல் கோப்ரிஜில் சொந்த ஆலை தொடங்கினார். 1945-இல் அவர் மறைந்தபின் மகன் வால்டர் பொறுப்பேற்றார். இங்கு கவனிக்க வேண்டியது என்னவென்றால், தந்தை, மகன் இருவரின் பெயருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. தூரிகையால் எழுதிய ‘டபிள்யூ எம்’ என்பதை மட்டும் கண்டு அது தந்தையுடையது என்று விலை கொடுத்துவிடக் கூடாது. (செயின்ட் ஐவ்ஸின் வில்லியம் மார்ஷலுக்கும் அதே எழுத்துகள்தாம்.) காலத்தைக் கணிக்கப் பிற குறிகள் உதவும். 1928-இல் அரசி மேரியின் குயவர் என்ற அரச நியமனம் கிடைத்தபின் அந்தச் சொற்கள் அடியில் பதிக்கப்பட்டன. அவர் 1953-இல் மறைந்த பிறகு, ‘காலஞ்சென்ற அரசி மேரியின் குயவர்’ என்று அச்சிட்ட காகித ஒட்டு 1978 வரை வழங்கியது. அந்த ஒட்டு இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடாதீர்கள்.

மூர்கிராஃப்டின் உயிர் அதன் கோட்டில் இருக்கிறது. மண்குழம்பைக் குழல்வழியே பிதுக்கி இட்ட கோடுகள் பழத்தையும் இலையையும் சுற்றிச் சிறு வரப்பாக எழுந்து நிற்கும். அந்த வரப்புகளுக்குள் உலோக ஆக்ஸைடு வண்ணங்கள் தேங்கி, சூளையில் உருகிக் கலக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் வரைபடம் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலும், ஆலை தானே இரண்டாந்தரம் என ஒதுக்கிய பிற்காலக் கலங்களில், அடிக்குறியின் குறுக்கே வெள்ளி நிறக் கோடோ கீறலோ இருக்கும். அதைப் பார்க்காமல் முழுவிலை தருவோர் பலர்.

இனிப் பழுது. சந்தையில் பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் தட்டிப் பார்த்த அதே முறை இங்கும் பயன்படும். ஜாடியை உள்ளங்கையில் தளர்வாக வைத்து, விரல் கணுவால் மெல்லத் தட்டினால், விரிசலற்ற ஸ்டோன்வேர் நீண்டு ஒலிக்கும். விரிசலுற்றது ஒலியை விழுங்கிவிடும். ஸ்டோன்வேரைவிடக் குறைந்த வெப்பத்தில் சுடப்படும் சுடுமண் வகைக்கு (எர்த்தன்வேர்) இயல்பிலேயே ஒலி மந்தம் என்பதால், அந்த வகையில் இந்தச் சோதனையை மட்டுமே நம்பிவிடாதீர்கள். அடுத்து, இருட்டறையில் புற ஊதாக் கதிர் டார்ச்சைப் பாய்ச்சினால் ஒட்டிய பசையும் பூசிய வண்ணமும் பல நேரங்களில் வேறு நிறத்தில் ஒளிரும். தேர்ந்த பழுதுபார்ப்பாளர்கள் இப்போது ஒளிராத பொருள்களையும் கையாள்வதால், விளிம்பைக் கன்னத்தில் வைத்து உணர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளேஸ் குளிர்ந்திருக்கும், பிசின் பூசிய இடம் சற்று வெதுவெதுப்பாகவும் மென்மையாகவும் தோன்றும்.

எல்லா விரிசலும் குற்றமன்று. சூளைக்குள்ளேயே உண்டான பிளவின் ஓரங்களில் கிளேஸ் உருகி வழிந்து வட்டமாக முடிந்திருக்கும். அதைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிற்பாடு விழுந்து உண்டான விரிசலின் ஓரம் கூர்மையாக இருக்கும், அழுக்கும் ஏறியிருக்கும். கிளேஸ் மட்டும் வலைபோல் வெடித்திருப்பது, ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் மிகுதியாகச் சுருங்கியதன் விளைவு. மூர்கிராஃப்டில் லேசான வலை இயல்பானது, வெண் பின்னணியில் பழுப்பாகக் கறை ஊறியிருந்தால் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடியில் விளக்குக் கம்பிக்காகத் துளையிட்ட ஜாடிகளைத் தவிர்த்துவிடுங்கள். துளையின் உட்புறத்தில் கிளேஸ் இருந்தால் அது தொடக்கத்திலேயே விளக்குத் தண்டாகச் செய்யப்பட்டது. பச்சையான வெட்டு தெரிந்தால் நல்ல கலத்தைப் பின்னாளில் கெடுத்தது.

ஆண்டுக்கு முந்நூறு பவுண்டு என்ற வரம்பு உங்களை வருத்த வேண்டியதில்லை. உங்களுக்கு அருகிலுள்ள வேக்ஃபீல்டில் சிறிய வரிசை வீட்டில் வாழ்ந்த நூலகர் வில்லியம் இஸ்மே, 1955 முதல் 2001-இல் மறையும் வரை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட குயவர்களின் 3,600-க்கும் அதிகமான கலங்களைச் சேர்த்தார். அவை இன்று யார்க் கலைக்கூடத்தில் 2015-இல் திறந்த மண்கலை மையத்தின் பெருஞ்செல்வம். லீட்ஸிலிருந்து ரயிலில் அரைமணி நேரப் பயணம். வாங்குவதற்கு முன்பு அங்கே பலமுறை போய்வாருங்கள். லீச், ஹமாடா, ஸ்டெயிட் மரே ஆகியோரின் கலங்களை யார்க் தலைமைக் குரு எரிக் மில்னர்-ஒயிட் சேர்த்துக் கொடுத்த தொகுப்பும் அங்குதான் இருக்கிறது.

வியன்னாவிலிருந்து 1938-இல் லண்டன் வந்த லூசி ரீ, அவருடன் 1946 முதல் பணியாற்றிய ஹான்ஸ் கோப்பர் ஆகியோரின் ஜாடிகள் பல்லாயிரம் பவுண்டுகளுக்குப் போகின்றன, போலிகளும் உண்டு. யாராவது மலிவாகத் தந்தால், முதல் உரிமையாளரிலிருந்து கைமாறிய வரலாற்றைத் தாளில் காட்டாதவரை விலகியே நில்லுங்கள். உங்கள் தொகைக்கு ஏற்றவை செயின்ட் ஐவ்ஸ் ஸ்டாண்டர்ட் வேர், மைக்கேல் கார்டியூ 1926-இல் தொடங்கி ரே ஃபின்ச் நடத்திய வின்ச்கூம் பட்டறையின் ஸ்டோன்வேர், இன்றும் வனைந்துகொண்டிருக்கும் குயவர்களின் கலங்கள் ஆகியவை. இவற்றில் சிறிய கலங்கள் நூறு பவுண்டுக்குக் கீழே அடிக்கடி கிடைக்கின்றன. ஏதேனும் ஒரு பட்டறையைத் தேர்ந்து மூன்றாண்டுகள் அதிலேயே நிலைத்திருங்கள் என்பேன். பத்துப் பெயர்களில் ஒவ்வொன்று வாங்கியவரைவிட, ஒரே பட்டறையின் பத்துக் கூஜாக்களைக் கையாண்டவருக்குக் கண் விரைவில் தெளியும். குயவரிடமே வாங்கினால் ஐயத்துக்கே இடமில்லை, மண்ணையும் சூளையையும் பற்றிக் கேட்டும் அறியலாம்.

ஏலத்தில் வாங்குவதானால் கணக்கை முன்பே போடுங்கள். இருநூறு பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால், வாங்குவோர் கட்டணம் 25 விழுக்காடு என வைத்துக்கொண்டால் ஐம்பது பவுண்டு, அந்தக் கட்டணத்தின்மேல் 20 விழுக்காடு வரியாகப் பத்துப் பவுண்டு என 260 ஆகும். பல நிலையங்களில் கட்டணம் இதைவிடவும் அதிகம், இணையவழி ஏலத்துக்கும் அஞ்சலுக்கும் தனிச்செலவு உண்டு. கலத்தின் நிலை குறித்த அறிக்கையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அடியின் படத்தையும் கேளுங்கள்.

வீட்டில் இந்த இரு ஜாடிகளிலும் பூ வைக்க விரும்பினால், உள்ளே சிறு கண்ணாடிக் குவளை வைத்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள். நேரடியாக ஊற்றிய தண்ணீர் கிளேஸின் நுண்வெடிப்புகள் வழியாக இறங்கி, ஆண்டுகள் போனபின் அடியில் கறையாக வெளிப்படும். ப்ளீச் திரவத்தால் எதையும் வெளுக்க முயல வேண்டாம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும். போருக்கு முந்தைய வின்ச்கூம் சுடுமண் கலங்கள் கைக்குக் கிடைத்தால், அவற்றின் கிளேஸில் ஈயம் உள்ளதால் ஊறுகாயோ புளிப்பான எதுவுமோ அவற்றில் வைக்காதீர்கள். வாங்கிய நாள், இடம், விலை, அளவு ஆகியவற்றை அடியின் படத்தோடு ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். சந்தையில் ரசீது தரவில்லை என்றாலும் உங்கள் குறிப்பு பின்னாளில் ஆவணமாகும். இந்த இரண்டையும் மதிப்பிட்டுச் சொல்லப் பல ஏல நிலையங்கள் கட்டணமின்றி நாள் ஒதுக்குகின்றன. அங்கே கொண்டுபோகும் முன் ஜாடிகளைத் துலக்காதீர்கள், அடியில் உள்ள எந்த ஒட்டையும் உரிக்காதீர்கள்.