அவர் சம்மதித்துவிட்டார், நான்?

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 66. அவர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தும் ஒரு மிஷனரி சங்கம் எங்கள் இருவரையும் இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு அழைத்திருக்கிறது. அங்கே கட்டட வேலைகளை மேற்பார்வையிட ஆள் தேவையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கும் முன்பே அவர் சம்மதித்துவிட்டார். மகளுக்கு இது ஏழாம் மாதம். மகனோ, "இந்த வயதில் எதற்கு?" என்று கோபப்படுகிறான். நான் இன்சுலின் போட்டுக்கொள்பவள். அந்த நாட்டு மொழியும் தெரியாது. போக மனம் வரவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: அன்புச் சகோதரி, விசுவாசத்தை இதற்குள் இழுக்காதீர்கள். உங்களைக் கேட்காமல் உங்களுக்கும் சேர்த்து ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வருத்தம்தான் உங்களுக்கு. அதை ஜெபக் குறிப்பாக மாற்றாமல், வருத்தமாகவே அவரிடம் சொல்லுங்கள்.

வற்புறுத்தலுக்காகக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மிஷனரி வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1793-ல் வில்லியம் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவர் மனைவி டோரதி வர மறுத்தார். பயணம் தள்ளிப்போன இடைவெளியில் கேரியின் தோழர் விடாமல் பேச, உடன்பிறந்தவள் துணைக்கு வந்தால் வருகிறேன் என்று கைக்குழந்தையோடு கப்பலேறினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். டோரதியின் மனம் அதன்பின் தேறவே இல்லை. 1807-ல் இறக்கும்வரை அப்படியேதான் இருந்தார். கேரியைப் புகழும் மேடைகளில் இந்தப் பெண்ணின் பெயர் அதிகம் கேட்பதில்லை.

வயதைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், 1875-ல், எழுபதை எட்டும் வயதில், மனைவி சுசன்னாவோடு ஊழியப் பயணம் தொடங்கினார். விமானம் இல்லாத காலத்தில் பதினேழு ஆண்டுகள், 42 நாடுகள், சுமார் 2 லட்சம் மைல். ஆனால் முல்லரை உங்களுக்கு உதாரணம் காட்டுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள்: இடையிடையே அவர்கள் வீடு திரும்பினார்கள், இல்லங்களின் பொறுப்பைக் கவனிக்க மருமகன் ஜேம்ஸ் ரைட் இருந்தார்.

இன்று மூத்த தம்பதிகளை அழைக்கும் சங்கங்கள் பெரும்பாலும் தெருமுனையில் நின்று பிரசங்கிக்கச் சொல்வதில்லை. கணக்கு எழுதுவது, விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பாடம் சொல்லித்தருவது, இளம் மிஷனரிகளுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பது போன்ற வேலைகளே அதிகம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மோர்மன் சபை, மூத்த தம்பதிகளை ஆறு மாதம் முதல் 23 மாதம் வரை அனுப்புகிறது. செலவை அவர்களே ஏற்கிறார்கள். ஆகவே இரண்டு ஆண்டு என்பது கல்லில் செதுக்கியதல்ல. ஆறு மாதம் வந்து பார்க்கிறோம் என்று உங்கள் சங்கத்திடமும் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. கணவருக்கு அங்கே கட்டட வேலை காத்திருக்கிறது. உங்களுக்கு? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காலை எட்டு மணிக்கு அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். நீங்கள் சமையலறையில் நின்று, கையிலிருக்கும் பொட்டலம் உப்பா சர்க்கரையா என்று தெரியாமல் பிரித்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் சிரிப்பாள், நீங்களும் சிரிப்பீர்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்படி ஒரு வாரம் ஓடினால் வேடிக்கை; இருபது மாதம் ஓடினால் வீட்டுச் சிறை. எனவே உங்கள் பெயரில், உங்கள் வேலை இன்னது என்று தனிக் கடிதம் கேளுங்கள். புறப்படும் முன்பே மொழிப் பயிற்சியும் கேளுங்கள், இருவருக்கும். "அங்கே போனதும் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெட்டி கட்ட மாட்டேன்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக: இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துவிட்டால் அது பயன்படாது. மருத்துவரின் கடிதத்தில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும். அங்கே கடையில் கேட்க உதவும். காப்பீட்டைப் பொறுத்தவரை, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கும் அவசரமாக ஊர் திரும்பும் செலவுக்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விசாவையும் சங்கத்தின் வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள். சில நாடுகளில் மதப் பணிக்கென்றே தனி விசா உண்டு. ரஷ்யா 2016-ல் மிஷனரிப் பணிக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நேபாளத்தில் மதம் மாற்றுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டவரை அதன்பின் நாடு கடத்தவும் சட்டம் இருக்கிறது. "சுற்றுலா விசாவில் வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைகளிடம் பேசும்போது "ஆண்டவர் அழைத்தார்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு மேல் அவர்கள் என்ன பேச முடியும்? வாயடைத்துப்போன மகன் சம்மதித்துவிட்டதாக அர்த்தமில்லை. எவ்வளவு பணம், யாருக்கு அதிகாரப் பத்திரம், அங்கே ஒருவர் படுத்துவிட்டால் யார் விமானம் ஏறி வருவது என்று பேசுங்கள். அவன் கோபத்தின் பாதி இந்தக் கேள்விகள்தான் என்று நினைக்கிறேன். மகளின் பிரசவத்துக்கு நீங்கள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விவாதப் பொருளாக்கவே வேண்டாம். குழந்தை பிறந்து சில மாதம் கழித்தே புறப்பாடு. பள்ளிக் கட்டடம் அதுவரை பொறுக்கும்.

வீட்டை விற்றுவிடலாம் என்று அவர் யோசித்தால் தடுத்துவிடுங்கள். திரும்பி வருபவர்களுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.

உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேலை: ஐயா, "என் சம்மதத்தை மட்டுமே சொல்லியிருந்தேன், மனைவியின் பதில் தனியே வரும்" என்று சங்கத்துக்கு இன்றே எழுதிப் போடுங்கள். அந்தப் பதில் எதுவாக இருக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லித்தர வேண்டாம்.