உளுவைக்குக் கைப்பிடிக் கணக்கில் உப்புப் போடாதீர்கள்

ஹட்டன் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட சின்ன உளுவை மீன் ஆறு வாங்கினேன். நன்னீர் மீன் என்றுதான் தந்தார்கள். ஒரு கிழமைக்குள் இரண்டு செத்துவிட்டன. மற்றவை அடியில் ஒட்டிக் கிடக்கின்றன, தீன் தொடுவதில்லை. கடையில் கேட்டால், ஒரு கைப்பிடி உப்புப் போடச் சொல்லி, நீல மருந்து ஒரு போத்தலும் விற்றுவிட்டார்கள். போடலாமா?"

மருந்தை மூடி வையுங்கள். அடியில் கிடப்பது நோயல்ல. உளுவையின் வயிற்றுச் செட்டைகள் இரண்டும் சேர்ந்து உறிஞ்சியாக இருக்கும். அதால் பிடித்துக்கொண்டு கிடப்பதே அதன் சுபாவம். தின்னாமல் இருப்பதுதான் பிரச்சினை. அதற்குப் பாதிக் காரணம் குளிர். தொட்டித் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் இந்த மீன் வாய் திறக்காது. ஹீட்டர் போட்டு 25, 26 பாகையில் வையுங்கள்.

மீதிக் காரணம் தண்ணீர். கடைகளில் கிடைக்கும் இந்தப் பட்டை உளுவைகள் பெரும்பாலும் தென்கிழக்காசிய முகத்துவாரத்து மீன்கள். நம் பீலித் தண்ணீரில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. சமையல் உப்பு அந்தக் குறையைத் தீர்க்காது. அயடின் மீனுக்கு ஆகாது என்பார்கள். அதற்காகச் சொல்லவில்லை, அது வீண் பயம். அதில் கல்சியமும் மக்னீசியமும் இல்லை என்பதே காரணம். கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கேட்டு வாங்குங்கள். பெயரில்லாத பொலித்தீன் பையில் 'மீன் உப்பு' என்று நீட்டினால் வாங்காதீர்கள். உள்ளே வெறும் கல்லுப்பு இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

லீட்டருக்கு 7 கிராம் என்றால் ஒப்படர்த்தி (வெறும் தண்ணீரை 1 என்று வைத்தால் உப்புத் தண்ணீரின் அடர்த்தி) 1.005 அளவில் நிற்கும். 30 லீட்டர் தொட்டிக்கு 210 கிராம். தனி வாளியில் கரைத்து, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கிழமையில் ஏற்றுங்கள். தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாகிப் போவதில்லை.

ஒரு விதிவிலக்கு. இதே பட்டையோடு பிரகிகோபியஸ் சாந்தோமெலாஸ் என்றோர் இனம் உண்டு. அது சதுப்புக் காடுகளில், தேயிலைச் சாயம் போன்ற அமிலத் தண்ணீரில் வாழ்வது. அதற்கு உப்பே வேண்டாம், பீலித் தண்ணீர் போதும். 'உப்பில்லாமல் எங்கள் வீட்டில் நன்றாக இருக்கிறதே' என்பவர்களிடம் இருப்பது அதுவாக இருக்கலாம். ஆனால் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். அதனால்தான் மெல்ல ஏற்றச் சொல்கிறேன். ஒப்படர்த்தி 1.002 வந்ததும் சில நாள் நிறுத்திப் பாருங்கள். தெளிந்து தின்னத் தொடங்கினால் மேலே போங்கள். முன்னைவிடச் சோர்ந்தால் நன்னீருக்குத் திருப்புங்கள்.

இவ்வளவு துப்பறிய வேண்டியதே வெட்கக்கேடு. பிஸ்கட் பைக்குத் திகதி கேட்கும் நாட்டில், உயிர் மீன் பைக்கு ஒரு பெயர்த்துண்டு கேட்க ஆளில்லை. இறக்குமதிக்காரர், தரகர், கடை என்று கை மாறுவதற்குள் எல்லாம் 'நன்னீர் மீன்' ஆகிவிடுகிறது.

தீனுக்குக் காய்ந்த தூள் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். அசையும் இரைதான் அதற்கு இரை. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டை வாங்கிப் பொரிக்க வையுங்கள். நுளம்புக் குடம்பியும் விரும்பித் தின்னும்தான், ஆனால் வாளியில் அதை வளர்த்தால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்கு எழுதுவார். 'ஜோடி சேர்க்க' என்று கடையில் இன்னும் இரண்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இருக்கும் நான்கும் ஒழுங்காகத் தின்னும்வரை வாங்காதீர்கள்.