பிரஷர் மாத்திரை கொரோனாவுக்குக் கதவு திறக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஆறு வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் வில்டாகிளிப்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். 'இந்த பிரஷர் மாத்திரை உடம்பில் ஏசிஇ2 என்ற புரதத்தைக் கூட்டிவிடும், கொரோனா அது வழியாகத்தான் செல்லுக்குள் நுழைகிறது' என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு ஒன்பது நாளாக நிறுத்தியிருக்கிறோம். நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல், டெஸ்ட் பாசிட்டிவ். மல்லிகைச் சரம் கட்டும்போது வாசமே தெரியவில்லை என்கிறார். நேற்று இரண்டு முறை வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் பார்த்த பிரஷர் 168/98. அங்கேயே ஐந்து நாளுக்கு ஒரு செட் மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இருக்கிறது. மூச்சுத்திணறல் இல்லை. என்ன செய்வது? – வாசகர், திருமங்கலம்

பதில்: டெல்மிசார்டானை இன்றே மறுபடி கொடுங்கள். பழைய அளவுதான், 40 மில்லிகிராம், ஒரு மாத்திரை. விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து இரண்டாகக் கொடுக்காதீர்கள். நாளைக்கே 130க்கு வரவில்லையே என்று பதறவும் வேண்டாம். இந்த மருந்து முழுதாக வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் ஒரு பக்கக் கை கால் இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108.

அந்த வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு பேரைப் பயமுறுத்துகிறது. ஏசிஇ2 வைரஸுக்காக உடம்பு திறந்து வைத்த வாசல் இல்லை. அது நம் செல்களின் வெளிப்பரப்பில் இருக்கும் ஒரு நொதி. ரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை வெட்டி, இறுக்காத பொருளாக மாற்றுவது அதன் வேலை. கொரோனா வைரஸ் தன் ஸ்பைக் முள்ளின் நுனியால் இந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. முள்ளை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். முதல் வெட்டு, வைரஸ் முந்தைய செல்லில் உருவாகும்போதே ஃப்யூரின் என்ற நொதியால் விழுந்துவிடுகிறது. இரண்டாவதை, மூக்கிலும் நுரையீரலிலும் ஏசிஇ2வுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற இன்னொரு நொதி போடுகிறது. அது விழுந்ததும் முள் ஸ்பிரிங் மாதிரி நீண்டு செல்லின் சவ்வில் குத்தி, திரும்ப மடங்கி, வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒட்டவைத்துவிடும். உள்ளே இருக்கும் ஆர்என்ஏ, அதாவது வைரஸின் மரபுப்பொருள், செல்லுக்குள் இறங்குகிறது. கத்தரியும் நம்முடையது, பிடியும் நம்முடையது.

இதில் டெல்மிசார்டான் எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. அது ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் ஏற்பியை அடைக்கிறது. ஏசிஇ2வைத் தொடுவதே இல்லை. இந்த வகை மாத்திரை கொடுத்த எலிகளின் இதயத்தில் ஏசிஇ2 கூடியதாகச் சில பழைய ஆய்வுகள் உண்டு. வீடியோக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். 2020ல் பிரேசிலில், இந்த வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு 30 நாள் நிறுத்தினார்கள், மீதிப் பேருக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை. பிடி, அதாவது ஏசிஇ2, எத்தனை இருக்கிறது என்பது மட்டும் நோயைத் தீர்மானிப்பதும் இல்லை. என்எல்63 என்று ஒரு கொரோனா வைரஸ் உண்டு. அதுவும் இதே ஏசிஇ2வைத்தான் பிடிக்கிறது. பெரும்பாலும் வெறும் சளியோடு போய்விடுகிறது.

அடுத்த வீடியோ சர்க்கரை மாத்திரையைப் பற்றி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2012ல் சவுதியில் தெரியவந்த மெர்ஸ் வைரஸ் பிடிப்பது டிபிபி4 என்ற புரதத்தை. வில்டாகிளிப்டின் தடுப்பதும் அதே டிபிபி4தான். ஆனால் வைரஸ் பிடிக்கும் இடம் வேறு, மாத்திரை உட்காரும் இடம் வேறு. அம்மாவுக்கு வந்திருப்பது மெர்ஸும் இல்லை. அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

வாசம் போனது பெரிய விஷயம் இல்லை. மூக்கின் உச்சியில் வாசத்தை உணரும் நரம்பு செல்களில் இந்த ஏசிஇ2 கிட்டத்தட்ட இல்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களில்தான் உண்டு. அடிபடுவது அந்தத் துணை செல்கள். அவை மறுபடி வளரும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மல்லிகை மணக்கும். குடலின் உள்சுவரிலும் ஏசிஇ2 நிறைய. வயிற்றுப்போக்கு அதனால் வரலாம். மூக்கில் எலுமிச்சைச் சாறு விடுவது, மூச்சை அடக்கி நுரையீரலைச் சோதிப்பது எல்லாம் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். டெல்மிசார்டானை உண்மையிலேயே நிறுத்திவைக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு: போக்கோ வாந்தியோ அதிகமாகி, தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து, மேல் பிரஷர் 100க்குக் கீழே போனால். அப்போது டெல்மிசார்டான் சிறுநீரகத்துக்குச் சுமை; சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். இரண்டு முறை போனதற்கு இது பொருந்தாது. ஓஆர்எஸ் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது.

'மூச்சுத்திணறல் இல்லை' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குக் கவலை தரும் வரி அதுதான், ஏனென்றால் அதை வைத்து நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். நமக்கு மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது ரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்சைடு. இந்த நோயில் அது தாராளமாக வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்தில் இருந்துகொண்டு பேப்பர் படிப்பவர்கள் உண்டு. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இதற்கான காலம். உங்கள் அம்மாவுக்கு நாளை ஐந்தாம் நாள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இன்றே வாங்குங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரல், கை சூடாக இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் நிலையாக நிற்பதை எழுதிவையுங்கள். திரையில் இரண்டு எண் தெரியும். எஸ்பிஓ2 என்று போட்டிருப்பதுதான் ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. 84 என்ற நாடியைப் பார்த்து அலறுபவர்களும் உண்டு, 96 என்ற நாடியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 94 அல்லது அதற்கு மேல் இருந்தால், வீட்டுக்குள்ளேயே மூன்று நிமிடம் நடக்கச் சொல்லி, பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு, மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே போனாலோ, நடந்ததும் 3 அல்லது அதற்கு மேல் குறைந்தாலோ புறப்பட வேண்டியதுதான். திருமங்கலம் அரசு மருத்துவமனையோ மதுரை பெரியாஸ்பத்திரியோ, எது சீக்கிரம் எட்டுமோ அங்கே. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' வேண்டாம். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கட்டும்.

இனி அந்த செட். அதைத் தொடவேண்டாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஒரு காலத்தில் நம்பிக்கை கொடுத்ததற்குக் காரணமும் இதே நுழைவுக் கதைதான். டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லாத செல்லில் வைரஸ் பின்வழியாகப் போகும்: செல் அதை ஒரு பையோடு விழுங்கும், பைக்குள் இருக்கும் அமிலத்தில் கேதெப்சின் எல் என்ற நொதி முள்ளை வெட்டும். இந்த மருந்து அந்த அமிலத்தைக் குறைக்கிறது. முதலில் சோதித்த குரங்கின் சிறுநீரகச் செல்களில் பின்வழிதான் உண்டு, அதனால் மருந்து பலித்தது. மனித நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 வெட்டும் முன்வழி இருக்கிறது, அங்கே பலிக்கவில்லை. பிரிட்டனில் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று 2020 ஜூனில் நிறுத்தினார்கள். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்திருக்கும்போது இதைக் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கவும் செய்யும். செட்டில் பெயர் தெரியாமல் கத்தரித்த சின்ன மாத்திரை இருந்தால் ஸ்டீராய்டாக இருக்கலாம். ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு அது உயிர் காக்கும். தேவைப்படாத சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை 300, 400க்கு ஏற்றிவிடும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில், அது போதும்.

இந்த வயதும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையா என்பதை ஒரு டாக்டர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அது முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் பயன். எனவே இன்றே அழைத்துப் போங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, எழுதிவைத்த ஆக்சிஜன் எண்கள், எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். மெடிக்கலில் கொடுத்த செட்டையும் மறைக்காமல் கொண்டுபோங்கள்; ஏற்கெனவே எத்தனை வேளை உள்ளே போயிருக்கிறது என்று அவர் கேட்பார்.