இரண்டு பக்கத்துக்கும் ஒரே தமனி

கேள்வி: என் தாயாருக்கு மூளைத் தமனி வீக்கம் வெடித்துக் கோவையில் சேர்த்திருக்கிறோம். முன்பக்கம் இரண்டுக்குப் பதிலாக ஒரே தமனிதான் இருக்கிறது என்கிறார்கள். இது நோயா? சிகிச்சை கடினமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நோயன்று, பிறவி அமைப்பு வேறுபாடு. 1664-இல் தாமஸ் வில்லிஸ் விவரித்த மூளையடித் தமனி வளையமே பலருக்குப் பாடநூலில் உள்ளபடி அமைவதில்லை. ஆனால் சிகிச்சையில் இது முக்கியம். கொடிவேரி அணையில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என இரு வாய்க்கால்கள் பிரிவதால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்றின் பாசனம் நிற்காது. உங்கள் தாயாருக்கோ ஒரே வாய்க்கால் இரு பக்கத்தையும் காப்பதால், அது குறுகினால், கால்களை இயக்கும் மூளைப்பகுதிக்கு இரு பக்கமும் இரத்தம் குறைந்து, இரண்டு கால்களும் செயலிழக்கக்கூடும். அதனால்தான் ஆஞ்சியோகிராம் எடுத்து, வீக்கத்தின் கழுத்து (அது தமனியோடு சேரும் வாய்) எவ்வளவு அகலம், கிளைகள் எங்கே பிரிகின்றன என்று பார்த்த பிறகே, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக வீக்கத்துக்குள் பிளாட்டினச் சுருள் வைப்பதா, மண்டையோட்டைத் திறந்து அதன் கழுத்தில் கிளிப் போடுவதா என முடிவெடுக்கிறார்கள். கழுத்து அகலமானால் சுருளைத் தாங்க ஸ்டென்ட் (தமனிக்குள் வைக்கும் வலைக்குழாய்) தேவைப்படலாம்; அதற்கான இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இப்போதுதான் கசிந்த மூளைக்கு ஆபத்து என்பதால், அங்கே கிளிப்பே மேல் என்பது என் கருத்து. மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம். ஆகவே, உறவினர் கூடட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னர் ஏறத்தாழ 4 முதல் 14 நாள் வரை தமனிகள் சுருங்கக்கூடும் என்பதால், நிமோடிபின் மாத்திரையை வழக்கமாக 21 நாட்கள் கொடுப்பார்கள்.