நீர்ப்பாசனத்தால் விவசாயத்துக்கு நன்மை அதிகமா, பிரச்சினை அதிகமா?

நன்மைதான் அதிகம். ஆனால் அது வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் அளவுக்குக் கடைசியில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. எங்கள் வயல் தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது.

திருகோணமலையில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரைதான். அந்த மழையோடு செய்யும் பெரும்போக நெல்லை அது ஓரளவு தாங்கிவிடும். சித்திரைக்குப் பிந்திய சிறுபோகத்துக்குக் குளத்தை விட்டால் வேறு கதி இல்லை. குளம் இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு போகத்தோடு வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலி வேலை தேட வேண்டியதுதான். வயலில் தண்ணீர் நின்றால் களையும் அடங்கும், மருந்துச் செலவும் குறையும்.

ஒரு சிறுபோகத்தில், பயிர் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றபோது எங்கள் முறைக்குத் தண்ணீர் வரவில்லை. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் அப்பாவும் நானும் வாய்க்கால் கரை வழியே மேலே நடந்தோம். மூன்று இடங்களில் மண்மூட்டை போட்டு மறித்திருந்தார்கள். அப்பா யாரையும் ஏசவில்லை. ஒவ்வொரு மூட்டையாக இழுத்துக் கரையில் வைத்தார். விடியும்போது விரற்கடை அளவு தண்ணீர் வந்தது. வெடித்த நிலத்துக்குள் அது இறங்க இறங்க வெடிப்புகளில் இருந்து குமிழி கிளம்பியது. அந்தப் போகம் பாதிக் கதிர் பதராகிவிட்டது.

அன்று குளத்தில் தண்ணீர் இருந்தது. வாய்க்காலில் மண்ணும் சல்வினியா என்ற நீர்க்களையும் நிறைந்திருந்தன, மடைக் கதவு உடைந்து கிடந்தது. மேல் வயல்களிலோ தேவைக்கு மேல் தண்ணீர் தேங்கி நின்றது. வடிகால் அடைபட்ட நிலத்தில் இப்படித் தேங்கினால் நாளடைவில் உவர் மேலே வரும். பிறகு அந்த மண்ணைத் திருத்துவது பெரும்பாடு.

பராமரிப்பு என்பது உயிர்ப் பிரச்சினையும்கூட. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அணையின் கதவு ஒருவர் கையில் இருப்பதன் ஆபத்தை 2006இல் எங்கள் மாவட்டத்து மாவிலாறு அணை காட்டியது. விடுதலைப் புலிகள் கதவை மூடியதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தண்ணீரின்றித் தவித்தன, அதைத் தொடர்ந்து அவர்களுக்கும் அரச படைக்கும் சண்டையே மூண்டது.

போகத்துக்கு முன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியை மட்டும் முடிவு செய்தால் போதாது. முறைத் தண்ணீரைக் கடைசி வயலில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைசி வயல் நனைந்த பிறகே தமக்கு என்றால், மேலே இருப்பவர்களே மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள்.