தைராய்டு இருக்கும் பெண்ணுக்கு எஸ்.ஜி.பி.டி ஏறினால்: ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் யாருக்கு வரும்?

கேள்வி: தங்கைக்கு 34 வயது. ஐந்து வருடமாகத் தைராய்டு மாத்திரை எடுக்கிறாள். சோர்வு என்று பார்த்த டெஸ்டில் எஸ்.ஜி.பி.டி என்ற கல்லீரல் நொதி 210. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். டாக்டர் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸாக இருக்கலாம் என்கிறார். இது யாருக்கு வரும்? அக்காவான எனக்கும் வருமா?

பதில்:

ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய். யாருக்கு வரும் என்றால், முதலில் பெண்களுக்கு. இந்த நோய் உள்ளவர்களில் நாலில் மூன்று பேராவது பெண்கள். ஆனாலும் இது அரிதான நோய்தான். ஐரோப்பியக் கணக்குகளில் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 15 முதல் 25 பேருக்கு இருக்கிறது. அலாஸ்காவின் பூர்வகுடிகளிடம் மட்டும் லட்சத்துக்கு 43 வரை போகிறது. ஆகவே 'பெண், தைராய்டு இருக்கிறது' என்பதை மட்டும் வைத்து யாரும் பயப்படத் தேவையில்லை. உங்கள் தங்கையின் விஷயத்தில் அதோடு எஸ்.ஜி.பி.டியும் ஏறியிருப்பதால்தான் டாக்டர் யோசிக்கிறார். அந்த யோசனை சரியானது.

வயதைப் பொறுத்தவரை பதின்வயதில் ஒரு கூட்டம், நாற்பதிலிருந்து அறுபதுக்குள் இன்னொரு கூட்டம் என்று எழுதுவார்கள். நடுவில் வராது என்று அர்த்தமில்லை. ஏ.என்.ஏ, எஸ்.எம்.ஏ என்ற ஆன்டிபாடிகள் (சொந்தத் திசுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருட்கள்) ரத்தத்தில் காட்டும் முதல் வகை எந்த வயதிலும் வரும். எல்.கே.எம்-1 என்ற ஆன்டிபாடி காட்டும் இரண்டாம் வகை பெரும்பாலும் குழந்தைகளுக்கு, அதிலும் பெண் குழந்தைகளுக்கு வருகிறது; சற்று வேகமானது.

இனி தைராய்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த உறுப்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கும் குணம் ஒருவருக்கு இருந்தால், அது ஒரே உறுப்போடு நிற்காமல் போகலாம். ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் உள்ளவர்களிடம் கூடவே அதிகம் காணப்படுவது ஆட்டோ இம்யூன் தைராய்டு நோய். டைப் 1 சர்க்கரை, கோதுமை ஒவ்வாத சீலியாக், பெருங்குடல் புண், முடக்குவாதம், வெண்புள்ளி ஆகியவையும் அந்த வரிசையில் உண்டு. இதைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது: கல்லீரல் நோயாளிகளில் பலருக்குத் தைராய்டு இருக்கும், தைராய்டு உள்ள கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே கல்லீரலில் இது வரும். இன்னொன்று, தைராய்டு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலே கல்லீரல் நொதிகள் கொஞ்சம் ஏறும். தைராய்டு கட்டுப்பாட்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச் டெஸ்ட் பார்த்தீர்களா? சீலியாக்கிலும் அப்படித்தான். ஆனால் 210 என்பதை அந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது.

உங்களுக்கு வருமா என்றால், வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், ஆனாலும் மிகக் குறைவு. டென்மார்க்கில் நாடு முழுவதுக்குமான பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது, நோயாளியின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர்களில் அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த நோய் வந்தது சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு. ஹெச்.எல்.ஏ எனப்படும் மரபணுத் தொகுப்பில் டி.ஆர்.3, டி.ஆர்.4 வகைகள் ஐரோப்பியர்களிடம் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஜப்பானியர்களிடம் டி.ஆர்.4-இன் வேறொரு உட்பிரிவு, தென் அமெரிக்கர்களிடம் வேறு வகைகளும் உண்டு. இவை இருப்பவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பதால், இதற்காக மரபணு டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஒருமுறை எல்.எஃப்.டி என்ற கல்லீரல் ரத்த டெஸ்ட் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

மரபணு காய்ந்த விறகு என்றால் தீக்குச்சி வெளியிலிருந்து வர வேண்டும். ஹெபடைடிஸ் ஏ போன்ற வைரஸ் காமாலைக்குப் பிறகு சிலருக்குத் தொடங்கியிருக்கிறது. மருந்துகளில் முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரன்டாயின், மூட்டு நோய்க்கான இன்ஃப்ளிக்சிமாப் ஆகியவை இதே நோயை அச்சாக நடிக்கும். வித்தியாசம் என்னவென்றால், மருந்தை நிறுத்தி, தேவையானால் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு கொடுத்தால் அவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி சீந்தில். கொரோனா காலத்தில் 'எதிர்ப்பு சக்திக்கு' என்று பலர் தினமும் அதைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் சாப்பிட்டார்கள். மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை எழுதினார்கள்; பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. அந்த நோயாளிகளில் சிலருக்கு ஏற்கெனவே தைராய்டு போன்ற ஆட்டோ இம்யூன் தன்மை இருந்ததுதான் உங்கள் தங்கைக்குப் பொருந்தும் செய்தி. தவறான இலக்கைத் தாக்கும் எதிர்ப்பு சக்தியை மேலும் தூண்டிவிடுவது என் பார்வையில் வேண்டாத வேலை. 'கிலோய்' என்று டப்பாவில் எழுதியிருப்பதும் சீந்தில்தான்.

கீழாநெல்லியின் சிக்கல் வேறு. இந்த நோயின் காமாலை சிகிச்சை இல்லாமலும் சில வாரங்களில் தணிந்து, மாதங்கள் கழித்து மறுபடி ஏறக்கூடும். அந்தத் தணிவை மருந்தின் வெற்றி என்று நம்பி இருந்துவிட்டால் கல்லீரல் உள்ளே தழும்பேறிக்கொண்டே போகும். கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சிரோசிஸ், அதாவது தழும்பேறி இறுகிய கல்லீரல், இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் பலருக்கு இது அடங்கியிருக்கும். பிரசவமான சில மாதங்களில் மீண்டும் எழும். பிள்ளை பெற்றவளின் சோர்வை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்?

உண்மையில் ஏமாறுவது 'இளம்பெண் நோய்' என்ற படத்துக்குள் வராதவர்கள்தான். அறுபது வயது ஆணுக்கு எஸ்.ஜி.பி.டி ஏறினால் குடி, கொழுப்பு என்று முடித்துவிடுவார்கள். மறுபக்கம், வெறும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஏ.என்.ஏ குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும். அந்த ஒரு தாளை வைத்து ஸ்டீராய்டு தொடங்குவதும் தவறு.

தங்கைக்கு ஏ.என்.ஏ, எஸ்.எம்.ஏ, எல்.கே.எம்-1 மூன்றும், அவற்றின் டைட்டர் அளவோடு (எவ்வளவு நீர்த்த ரத்தத்திலும் தெரிகிறது என்ற கணக்கு) வேண்டும். ரத்தத்தில் மொத்த ஐஜிஜி (எதிர்ப்புப் புரதத்தின் ஒரு வகை) முக்கியம். இந்த வயதில் வில்சன் நோயும் (உடம்பில் செம்பு சேரும் பரம்பரை நோய்) இதே வேடம் போடும் என்பதால் செருலோபிளாஸ்மின் என்ற, செம்பைச் சுமக்கும் ரத்தப் புரதத்தைப் பார்க்க வேண்டும். 2008-இல் வந்த எளிய மதிப்பெண் முறையில் ஆன்டிபாடிக்கு அதிகபட்சம் 2, ஐஜிஜிக்கு அதிகபட்சம் 2, வைரஸ் இல்லாததற்கு 2, பயாப்சிக்கு (கல்லீரல் திசுவை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) அதிகபட்சம் 2. ஆறு வந்தால் 'இருக்கலாம்', ஏழு வந்தால்தான் 'உறுதி'. பயாப்சி இல்லாமல் ஆறைத் தாண்ட முடியாது என்பதைக் கவனியுங்கள். பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கினால் ஐஜிஜியும் இறங்கிவிடும், திசுவின் தோற்றமும் மங்கிவிடும். பிறகு எது என்ன என்று பிரிப்பது கடினம். அவசர நிலை இல்லையென்றால் பயாப்சி முதலில்.

உறுதியானால் வழக்கமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, இரண்டு வாரம் கழித்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதையோப்ரின். இரண்டாவதைத் தொடங்குமுன் என்.யு.டி.டி-15 மரபணு டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். அதில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணு சட்டென்று சரியும், இந்தியர்களிடம் அந்த மாற்றம் அபூர்வமல்ல. அந்த டெஸ்ட் செய்தாலும் முதல் மாதம் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சி.பி.சி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்ப்பதை விடக்கூடாது.